வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்: காவிரி டெல்டாவில் மனையும் வீடும் வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மயிலாடுதுறைப் பக்கம் சொத்துப் பத்திரங்களைப் படித்து லீகல் ஒப்பீனியன் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. முன்பெல்லாம் கட்சிக்காரர்கள் "பத்திரம் கிளியரா சார்?" என்று மட்டும்தான் கேட்பார்கள். 2022 நவம்பர் மழைக்குப் பிறகு "அங்க தண்ணி நிக்குமா சார்?" என்பதும் சேர்ந்துகொண்டது. அந்த இரண்டாவது கேள்விக்கு ஆள் ஆளுக்குத் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் சரியாக இருக்கிறது. இன்னும் பார்க்க என்ன இருக்கிறது?

யார் யாருக்கு விற்றார்கள், யாரிடம் அடமானம் வைத்தார்கள், பாகப்பிரிவினை எப்படி நடந்தது என்று அந்தக் காகிதங்கள் சொல்லும். கார்த்திகை மாதம் அந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் பத்து நாள் நின்றது என்று எந்தக் காகிதமும் சொல்லாது. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் அந்த வரி வராது. வழிகாட்டி மதிப்பும் உதவாது. ஒரே தெருவில் மேட்டு மனைக்கும் பள்ளத்து மனைக்கும் சார்பதிவாளர் அலுவலகக் கணக்கில் ஒரே விலைதான்.

பருவநிலை மாற்றம் உலக விஷயம். என் நாலு சென்ட் மனைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளம் நமக்குப் புதிதில்லை. 1924 வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாத பழைய குடும்பம் ஆற்றோரத்தில் குறைவு. மாறிப்போனது அளவு. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும். அதனால் பத்து நாள் தூறி, விட்டு, மறுபடி பெய்ய வேண்டிய மழை ஒரே ராத்திரியில் கொட்டுவதற்கான வாய்ப்பு கூடுகிறது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது. உங்கள் கணக்குக்கே வருகிறேன்: நாலு சென்ட் இடத்தின் மேல் மட்டும் அன்று விழுந்தது சுமார் 71,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஆறு லோடு. பக்கத்து மனையிலும் ஆறு, அதற்குப் பக்கத்திலும் ஆறு. அத்தனையையும் வாங்கிக்கொள்ள வேண்டிய வடிகாலோ நம் பாட்டன் காலத்து மழைக்கு வெட்டியது, பாதி தூர்ந்தும் கிடக்கிறது. சீர்காழி, தரங்கம்பாடி தாலுகாக்களில் அப்போது ரேஷன் அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். மனை வாங்கினவருக்கு அது மெத்தையைக் காயவைக்கவே பற்றாது.

மேலேயிருந்து வரும் தண்ணீரின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து டெல்டா வெடித்துக் கிடந்தது. இரண்டே வருஷத்தில் மேட்டூர் நிரம்பி வழிந்து, 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய அணை அது. அதே வருஷம் நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தது. மூன்று வருஷத்துக்குள் வறட்சி, வெள்ளம், புயல் மூன்றையும் பார்த்த மண் இது.

கடல் பக்கம் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனால் அது திரும்பிப் போகிற ஜாதி இல்லை. 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. ஏறியிருக்கிறது; 2006-க்குப் பிறகு வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. இருபது வருஷ வீட்டுக் கடன் முடிவதற்குள் இது எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். ஏழு எட்டு செ.மீ.தானே என்று தோன்றும். ஆறும் வாய்க்காலும் கடலில் போய் முடியும் கடைமடையில் தண்ணீர் ஓடுவதே அப்படிப்பட்ட சிறிய சரிவில்தான்.

டெல்டா முழுக்க ஒரே மாதிரி ஆபத்தா?

இல்லை. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கவலை ஆற்றங்கரை உடைப்பு. கொள்ளிடக் கரைக்குள்ளே இருக்கும் படுகை ஊர்களில் கரை உடைய வேண்டியதே இல்லை. மேலே இரண்டு லட்சம் கன அடி திறந்தாலே வீட்டுக்குள் வந்துவிடும். 2022 ஆகஸ்ட்டில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் மக்கள் படகில் வெளியேறியது அப்படித்தான். அன்று அந்த ஊர்களில் மழை ஒரு சொட்டுத் தேவைப்படவில்லை. பெயரில் மேடும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது, தண்ணீரும் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

நடு டெல்டாவில், அதாவது கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டாரத்தில், ஒரு ஊருக்குப் பாசன வாய்க்காலாக இருப்பது அடுத்த ஊருக்கு வடிகாலாக இருக்கும். மேலூர்க்காரர் ஒரு மடையை அடைத்தால் கீழூரில் தெரு மூழ்கும். தகராறும் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான்.

தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், கீழ்வேளூர் எல்லாம் கடைமடை. மழையும் புயலும் சேர்ந்து வரும்போது முகத்துவாரத்தில் கடல் பொங்கி நிற்கும், ஆற்றுத் தண்ணீர் உள்ளே போகாது. "கடல் வாங்கல" என்று அங்கே சொல்வார்கள். வீட்டு வாசலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பதை அந்த இரண்டு வார்த்தைதான் முடிவு செய்யும். ஆசிய வளர்ச்சி வங்கி 2016-ல் 10 கோடி டாலர் கடன் கொடுத்து அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவனாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைப் பருவநிலை மாற்றத்துக்கு ஏற்பச் சீரமைக்க எடுத்த திட்டம் இந்தக் கடைமடைக்குத்தான். அந்த ஆறுகளின் ஓரம் வாங்குகிறவர்கள் வேலைக்கு முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று இரண்டையும் விசாரிக்க வேண்டும். கரையை உயர்த்தினால் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வராது. சில இடங்களில் உள்ளே பெய்த மழை வெளியே போகவும் திணறும்.

ஒரு மனையில் தண்ணீர் நிற்குமா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் சீர்காழி தாலுகாவில் ஒரு மனை பார்த்திருந்தார். பங்குனி வெயிலில் என்னையும் கூட்டிப்போனார். கிராவல் அடித்து, வெள்ளைக் கல் நட்டு, வாசலில் ஆர்ச் வைத்து, கொடி எல்லாம் கட்டியிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "ஏம்மா, மனை போடுறதுக்கு முன்ன இந்த எடத்துக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

"எரும்பள்ளம்னுவோம் தம்பி. ஐப்பசி பொறந்துட்டா ஊரு எருமையெல்லாம் இங்கதான் ஊறிக்கிட்டுக் கெடக்கும்."

மனைப்பிரிவின் பெயர் வேறு ஏதோ நகர். பத்திரத்தில் அந்தப் பெயர்தான் வரும். ஆனால் பழைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படித்தால் பள்ளம், படுகை, ஓடை, உடைப்பு, தாங்கல் என்று நிலத்தின் வீட்டுப்பெயர் சில சமயம் ஒளிந்துகொண்டிருக்கும். மூலப்பத்திரம் கேட்பதற்கு எனக்கு இது கூடுதல் காரணம்.

அந்த அம்மா சொன்னதோடு நிற்கவில்லை. பக்கத்தில் பம்புசெட்டுக் கொட்டகை இருந்தது. சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வண்டல் கோடு, அதற்குக் கீழே சுண்ணாம்பு உரிந்து நத்தை ஓடுகள் ஒட்டியிருந்தன. மோட்டார் ஸ்டார்ட்டரைப் பழைய இடத்திலிருந்து கழற்றி ஆள் உயரத்துக்கு மேலே மாட்டியிருந்தார்கள். பழைய திருகாணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. அந்தக் கொட்டகைக்காரர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. செடியையும் பாருங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கும் சம்பும் கோரையும் தானாக மண்டியிருந்தால் அந்த மண்ணுக்கு ஈரம் விருந்தாளி இல்லை, குடித்தனக்காரன்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை என்றால் முதலில் கிராம வரைபடமும், ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படமும். மனையின் சர்வே எண்ணுக்கு மட்டும் வாங்காமல் நாலு பக்கத்துச் சர்வே எண்களுக்கும் வாங்குங்கள். தண்ணீர் உங்கள் எல்லைக் கல்லில் நின்று அனுமதி கேட்காது. அடுத்து ‘அ’ பதிவேடு: நஞ்சையா, புஞ்சையா, நத்தமா என்று அதில் இருக்கும். பழைய நத்தம் என்றால் எனக்குப் பாதி நிம்மதி. பெரியவர்கள் குடியிருக்க மேட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு பழைய அடங்கல், அதாவது எந்த எண்ணில் என்ன பயிர் என்று கிராமத்தில் எழுதி வைக்கும் கணக்கு. சுற்றியிருக்கும் வயல்களில் எல்லாம் சம்பா இருக்க, இந்த எண்ணில் மட்டும் வருஷா வருஷம் தரிசு என்று இருந்தால் தண்ணீர் வரவில்லையா, வடியவில்லையா என்று கேட்க வேண்டும். சீர்காழி மழை பெய்தது, ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில், பசலி 1432. அந்த வருஷத்து அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் உண்டு. அதில் பாதிப்புக்கு உள்ளாகும் பகுதிகளை மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு என்று பிரித்துப் பட்டியல் போட்டிருப்பார்கள். மாவட்ட இணையதளத்திலேயே கிடைக்கும். தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு கொடுத்து, இந்தத் தெருவுக்கு வெள்ள நிவாரணம் எந்தெந்த வருஷம் கொடுத்தீர்கள் என்றும் கேட்கலாம். பிள்ளைகள் யாராவது வீட்டில் இருந்தால் கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். மேகத்தையும் ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படங்கள் 2014-லிருந்து இலவசமாக இருக்கின்றன. தண்ணீர் அதில் கருப்பாகத் தெரியும்.

புலப்படத்தில் வாய்க்கால் இருக்கிறது. நேரில் போனால் அங்கே ரோடு இருக்கிறது. என்ன செய்ய?

இதில் இரண்டு ஆபத்து. ஒன்று, வாய்க்காலைத் தூர்த்தாலும் தண்ணீருக்குப் பழைய வழி மறக்காது. இரண்டு, அது நீர்நிலைப் புறம்போக்கு. நீர்நிலையை ஆக்கிரமித்தவருக்கு எத்தனை வருஷ அனுபோகம் இருந்தாலும் நீதிமன்றங்கள் இரக்கம் காட்டுவதில்லை. மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது, ரேஷன் அட்டை எதுவும் காப்பாற்றாது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஆக்கிரமிப்பு அகற்றும் உத்தரவுகள் வேகமெடுக்கும். மழை கூடக் கூட இந்த வேகமும் கூடும் என்பது என் கணிப்பு. மனையின் ஒரு ஓரம் இரண்டு மீட்டர் அளவுக்கு வாய்க்காலில் நின்றால்கூட, சர்வேயரை வைத்து அளந்து அந்த இரண்டு மீட்டரைக் கழித்த பிறகுதான் விலை பேசுங்கள்.

டிடிசிபி அப்ரூவலும் (நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம்) ரெராவும் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு) இருக்கிறதே?

அவசியம் இருக்க வேண்டும். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோது எத்தனை பேர் அலைந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. வரன்முறை செய்த மனை என்றால் காகிதம் சரியாகிவிட்டது என்று பொருள். மட்டம் சரியாகிவிட்டது என்று பொருளில்லை.

நான் அதிகம் கேட்பது வேறொரு காகிதம். ஆறு, வாய்க்கால், குளம் பக்கத்தில் போட்ட மனைப்பிரிவு என்றால் வெள்ள அபாயத்தைப் பார்த்து நீர்வளத்துறை கொடுத்த தடையின்மைச் சான்று இருக்கும். அதில் நிபந்தனைகள் இருக்கும்: இத்தனை மீட்டர் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், இந்த இடத்தில் கல்வெர்ட் வைக்க வேண்டும், இவ்வளவு அகலம் வாய்க்காலுக்கு விட வேண்டும் என்று. அந்த நகலை வாங்கிக்கொண்டு ஒரு டேப்போடு மனைக்குப் போங்கள். கல்வெர்ட் காகிதத்தில் மட்டும் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சான்றைக் காட்ட மாட்டோம் என்று சொல்கிற விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச எனக்கு ஒன்றுமிருக்காது.

பள்ளமாக இருந்தால் என்ன, கிராவல் அடித்து உயர்த்திக்கொள்ளலாமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். 2009 பங்குனியில் ஒரு மனைப்பிரிவில் இடம் வாங்கினேன். முந்தின நவம்பரில் நிஷா புயல் மழை டெல்டாவையே முக்கி எடுத்திருந்தது. பத்திரத்தை நாலு தடவை படித்த நான் பக்கத்து டீக்கடையில் ஒரு தடவை கேட்கவில்லை. வீடு கட்டி மூன்று அடி உயர்த்தினேன். என் பின்னால் வாங்கியவர் மூன்றரை அடி உயர்த்தினார். வயலுக்குப் போன கன்னி வாய்க்கால் ஒன்று எங்கள் ரோட்டுக்கு அடியில் புதைந்திருந்தது. புரமோட்டர் அதற்கு ஒரு குழாய்கூடப் போடவில்லை. முதல் பெருமழையில் என் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, சரி. ஆனால் வாசலிலிருந்து மெயின் ரோடு வரை பதினொரு நாள் இடுப்பளவு. செப்டிக் டேங்க் எதிர்த்துக்கொண்டு வந்து கழிவறையைப் பூட்டி வைத்தோம். என் மாமியாருக்கு அப்போது டயாலிசிஸ். அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த வீடு மட்டும் மேட்டில் இருந்து என்ன பிரயோஜனம்?

ஆகவே மூன்று உயரங்களைப் பாருங்கள்: உங்கள் பேஸ்மட்டம், தெரு, தெருவிலிருந்து மெயின் ரோடு. பேஸ்மட்டம் ஊரார் காட்டும் பழைய வெள்ளக் கோட்டுக்கு மேல் குறைந்தது இரண்டு அடி இருக்கட்டும். இது விதி கிடையாது, என் பட்டறிவு. ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, பத்து வருஷத்தில் வீடு கீழே போய்விடுவதையும் கணக்கில் சேருங்கள். செப்டிக் டேங்க் மூடியின் உயரம், மோட்டார், மீட்டர் பெட்டி ஆகியவற்றைக் கொத்தனாரின் விருப்பத்துக்கு விடாதீர்கள். நீங்கள் உயர்த்துவதால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போனால் அது ஒரு சிவில் வழக்கு. எனக்கு வருமானம், உங்களுக்கு இல்லை.

கடலோரத்தில் ஒரு வீடு, ஒரு ரிசார்ட் என்று ஆசை. எவ்வளவு தள்ளி வாங்க வேண்டும்?

தரங்கம்பாடிக்குப் போய் மாசிலாமணிநாதர் கோயில் முன் நில்லுங்கள். 1306-ல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கட்டியவர்கள் அலைக்குள் கட்டியிருக்க மாட்டார்கள்.

சட்டப்படி 2019-ம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பொருந்தும். கிராமப்புறக் கடற்கரையில், 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் மக்கள் நெருக்கம் இருந்தால் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர், அதற்குக் குறைவென்றால் 200 மீட்டர் வரை கட்டுமானத் தடைப் பகுதி. பலர் மறந்துவிடுவது ஆற்றோரத்தை. அலை ஏறும் ஆறுகளிலும் உப்பாறுகளிலும் கரையிலிருந்து 50 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இதில் எது குறைவோ அதுவரை இந்த மண்டலம் உண்டு. ஆற்றில் எவ்வளவு தூரம் உள்ளே என்பதை, கோடையின் கடும் வறட்சியில் தண்ணீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரை என்று கணக்கிடுகிறார்கள். கடல் ஏற ஏற, மேலிருந்து தண்ணீர் குறையக் குறைய, அந்த இடம் உள்ளே நகரும். இன்று கோட்டுக்கு வெளியே இருக்கும் தோப்பு அடுத்த வரைபடத்தில் உள்ளே வரலாம். எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது, உங்கள் சர்வே எண் எதில் விழுகிறது என்று மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். 2004 சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று நாகப்பட்டினம் மீனவக் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அந்தக் கோடு எந்த அறிவிக்கையையும்விட எனக்கு முக்கியம்.

போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருக்கிறது. ஆர்.ஓ. வைத்தால் போதாதா?

எங்கள் தொழிலில் ஈ.சி. என்றால் வில்லங்கச் சான்று. தண்ணீர் சோதனை செய்கிறவர்களுக்கு ஈ.சி. என்றால் மின்கடத்துத் திறன், அதாவது உப்பின் அளவு. டெல்டாவின் கிழக்குப் பகுதியில் இரண்டு ஈ.சி.யும் வாங்க வேண்டும்.

குடிக்க ஆர்.ஓ. போதும். வீடு குடிப்பதற்கு? கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. உப்புத் தண்ணீரில் கலந்து, அதே தண்ணீரில் நனைத்துக் கட்டிய வீட்டின் கம்பி உள்ளேயே துருப்பிடித்து ஊதி, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சீலிங்கை உதிர்க்கும். கடலோர ஊரில் பழைய வீடு வாங்கினால் முதலில் மாடிப்படிக்கு அடியிலும் கழிவறை மேல்தளத்திலும் பாருங்கள். புதிதாகப் பூசி பெயிண்ட் அடித்திருக்கிற இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் கேட்டால் விலையை அந்தச் சத்தத்திலிருந்து பேச ஆரம்பிக்கலாம். தண்ணீரைச் சித்திரை, வைகாசியில் எடுத்துச் சோதிக்க வேண்டும். மார்கழியில் எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான்.

களிமண்ணாக இருக்கிறதே, வீடு விரிசல் விடுமா?

விடலாம். மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். வறட்சியும் பெருமழையும் மாறி மாறி வந்தால் அந்த ஆட்டம் கூடும். மண் பரிசோதனைக்கு ஆகும் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் மூலையில் சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால் அதுவே பாதிப் பரிசோதனை.

பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கி வைக்கலாமா?

கஜாவில் அங்கே சாய்ந்த மரங்களை நினைத்துக்கொண்டு விலை பேசுங்கள். நட்டுக் காய்க்க ஆறேழு வருஷம். சாய ஒரு ராத்திரி. மரத்தின் வயதுக்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்றால் காப்பீட்டைப் பற்றியும் தோட்டக்கலைத் துறையில் கேளுங்கள். மண்ணுக்கு மட்டும் பணம் கொடுக்கிறவர்களுக்கு நிம்மதி அதிகம். தோப்பில் குத்தகைதாரர், கோயில் பாத்தியதை இருக்கிறதா என்பது தனிக் கதை. டெல்டாவில் அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பவரைப் புயல்கூட அவ்வளவு சேதம் செய்யாது.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்துவிட்டார்களே, மனையே வாங்கக்கூடாதா?

2020-ம் ஆண்டுச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பு போன்ற தொழில்களுக்கு எதிரானது. வீட்டு மனையை அது தடுக்கவில்லை. நஞ்சையை மனையாக்க நிலப் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும் என்பது வேறு சட்டம், அது இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டால் கவலை தீர்ந்ததா?

பாதி தீரும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரி வீட்டுப் பாலிசியைக் கொடுக்க வேண்டும். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் அடக்கம். கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு கிடைக்கும். வீட்டுப் பொருள்களுக்கு கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேரும். மனையின் விலைக்குக் காப்பீடு கிடையாது. ஓதம் ஏறுவது, கம்பி துருப்பிடிப்பது போல மெல்ல மெல்ல வரும் சேதத்துக்கும் கிடையாது. பாங்க்காரர்கள் கடனோடு சேர்த்து விற்பது பல சமயம் உயிர்க் காப்பீடு. வீட்டுக்குப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள், பாலிசித் தாளை எடுத்துப் படியுங்கள்.

பாங்க் லோன் கொடுத்துவிட்டதே, அவர்கள் பார்க்காமலா கொடுப்பார்கள்?

அவர்கள் பார்ப்பது என்னைப் போன்றவர் எழுதும் ஒப்பீனியனையும் மதிப்பீட்டாளர் அறிக்கையையும் உங்கள் சம்பளத்தையும். ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் பருவநிலை சார்ந்த நிதி ஆபத்துகளை வங்கிகள் வெளிப்படுத்த ஒரு வரைவு வெளியிட்டது. அந்த அக்கறை உங்கள் தெருவின் வடிகால் வரை இறங்கி வரும் என்று நம்பி நான் மனை வாங்க மாட்டேன்.

தண்ணீர் வந்ததை விற்றவர் மறைத்துவிட்டார். கேஸ் போடலாமா?

போடலாம், ஜெயிப்பது கஷ்டம். சொத்து மாற்றச் சட்டம் 1882, 55-வது பிரிவு, சொத்தில் உள்ள முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறைக்கு அது பொருந்தாது. ஊருக்கே தெரிந்த வெள்ளத்தை நீங்கள் விசாரித்திருக்கலாமே என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன். அதனால் கிரய ஒப்பந்தத்திலேயே ஒரு பாரா சேர்க்கச் சொல்கிறேன்: கடந்த பதினைந்து வருஷத்தில் இந்தச் சொத்தில் வெள்ள நீர் புகுந்ததா, எந்த வருஷம், எவ்வளவு உயரம், நிவாரணம் வாங்கப்பட்டதா என்று விற்பவர் கையெழுத்தோடு. பொய் என்று பிறகு நிரூபணமானால் உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும். அந்தப் பாராவைப் படித்ததும் விற்பவர் முகம் மாறினால், கையெழுத்துக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

மனையைப் பார்க்க எந்த மாதம் வரட்டும்?

தை முதல் ஆடி வரை எல்லா மனையும் அழகு. ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழி முதல் வாரத்துக்குள் வாருங்கள், மழை விட்ட மூன்றாவது நாள். முதல் நாள் எல்லா இடத்திலும் தண்ணீர் இருக்கும். மூன்றாவது நாளும் எங்கே இருக்கிறது என்பதுதான் சேதி. வெளிநாட்டில் இருப்பவர்கள் யாரையாவது அனுப்பித் தெருமுனையிலிருந்து மனை வரை நிறுத்தாமல் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

அந்தத் திருப்பூர்க்காரரை அப்படித்தான் காக்க வைத்தேன். புரமோட்டர் அலுவலகத்திலிருந்து வாரம் ஒரு போன், ‘வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க’ என்று. கார்த்திகையில் பஸ் பிடித்து வந்தார். ஆர்ச்சுக்குள்ளே ரோட்டில் கொக்கு நின்றுகொண்டிருந்தது. இப்போது அதே ஊரில் பழைய நத்தத்தில், மாரியம்மன் கோயில் தெருவில், இரண்டே முக்கால் சென்ட் இடம் பார்த்திருக்கிறார். விலை ஒன்றரை மடங்கு. அங்கே தண்ணீர் நிற்காது. மூலப்பத்திரத்தைத்தான் காணோம் என்கிறார்கள். நகல் மனு போட்டிருக்கிறேன்.